ஆளை எடுத்தால் பின்னால் என்ன இருக்கும்?

போன மாதம் அக்கா மகள் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒகேனக்கல்லில், தொங்குபாலத்துக்குப் போகிற வழியில் என் அம்மாவும் அப்பாவும் நிற்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற படம் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான். கேமராவைக் கண்டாலே அப்பா முகத்தை இறுக்கிக்கொள்வார், அன்றைக்கு எதற்கோ சிரித்துவிட்டார். ஆனால் அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். எண்ணெய் மசாஜ் முடித்துக் குளிக்கப் போகிறவர் போலிருக்கிறது. உடம்பெல்லாம் பளபளக்க, தோளில் ஒரு சிவப்புத் துண்டு. அந்தத் துண்டின் முனை அம்மாவின் கொண்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

"மாமா, இவரை எடுத்துட்டு பிரேம் போட்டுத் தர முடியுமா?" என்றாள். முடியும் என்றேன். பாலக்கோட்டில் கல்யாண ஆல்பம் போடுகிற வேலை எனக்கு. இது தினமும் வருகிற கேள்விதான். ஆனால் அடுத்து அவள் கேட்டதை வாடிக்கையாளர் யாரும் கேட்டதில்லை.

"எடுத்துட்டா அவருக்குப் பின்னாடி என்ன இருக்கும்?"

ஒன்றும் இருக்காது. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் புரிய வேண்டியது இதுதான். போனில் எடுக்கிற 12 மெகாபிக்சல் படம் என்பது அகலவாக்கில் 4000, உயரவாக்கில் 3000 என்று அடுக்கிய 1 கோடியே 20 லட்சம் நிறப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான். துண்டு இருக்கிற இடத்தில் சிவப்பு பதிவாகியிருக்கிறது. துண்டுக்குப் பின்னால் இருந்த பாறையின் வெளிச்சம் கேமராவுக்குள் வரவே இல்லை. சுவரில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்தால் அடியில் சுவர் இருக்கும். இங்கே போஸ்டரைக் கிழித்தால் அடியில் ஓட்டைதான்.

அதனால் ஆளை நீக்குவது என்று நாம் சொன்னாலும், நடக்கிற வேலை ஓட்டையை அடைப்பது. எதை வைத்து அடைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே படத்தில் பக்கத்திலிருந்து கடன் வாங்கலாம். அதே இடத்தில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு நிரலை ஊகிக்கச் சொல்லலாம். எந்த மென்பொருளைத் திறந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் அது செய்கிறது.

இந்த அடைப்பு வேலைக்கு ஆங்கிலத்தில் 'இன்பெயின்டிங்' என்று பெயர். அருங்காட்சியகங்களில் பழைய ஓவியம் உதிர்ந்த இடத்தில், சுற்றியிருக்கும் நிறத்தையும் கோட்டையும் பார்த்துப் பொருந்த வரைந்து சேர்ப்பவர்களின் சொல் அது. 2000-ஆம் ஆண்டில் பெர்டால்மியோ என்பவரும் உடன் இருந்த ஆய்வாளர்களும், அந்தக் கைவேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் கட்டுரை ஒன்றை எழுதியபோது அதே சொல்லையே தலைப்பில் வைத்தார்கள். ஓட்டையின் ஓரத்துக்கு வந்து நிற்கிற கோடுகளை அப்படியே உள்ளே நீட்டிக்கொண்டுபோவது அவர்கள் முறை. ஓவியம் செப்பனிடுகிறவர் செய்வதும் அதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். காசு கொடுக்காமல் இதைக் கற்றுக்கொள்ள நான் சொல்வது கிம்ப். பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கிய மென்பொருள். 1996-இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும், கட்டணம் கிடையாது. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்திருக்கிறது. பழைய 2.10 வைத்திருப்பவர்களும் நான் சொல்வதை அப்படியே செய்யலாம்.

திறப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். அக்கா மகள் முதலில் அனுப்பியது குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் வந்த படம். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அளவைக் குறைத்து, இறுக்கி அனுப்பிவிடும். அதற்குப் பயன்படும் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ரொம்ப இறுக்கினால் அந்தக் கட்டங்களின் ஓரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட படத்தில் பாறையை நகலெடுத்து ஒட்டினால் கட்டங்களும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டுப்போட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும். எடுத்த போனிலிருந்து 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும்.

கிம்ப்பில் படத்தைத் திறந்ததும் மேலே ஒரு வெற்று லேயர் சேர்த்துவிடுங்கள். லேயர் என்பது படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள் மாதிரி. நாம் பூசுவதெல்லாம் அந்தத் தாளில்தான் விழ வேண்டும், அடியில் இருக்கும் படத்தை விரல்கூடத் தொடக் கூடாது. அப்புறம் கீபோர்டில் சி எழுத்தைத் தட்டினால் குளோன் கருவி வரும். அதன் அமைப்புகளில் 'சாம்பிள் மெர்ஜ்டு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்ய வேண்டும். அப்போதுதான் அடியில் இருக்கும் படத்திலிருந்து நிறத்தை எடுத்து மேல் தாளில் பூசும். இதை மறந்துவிட்டு, எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் விழவில்லையே என்று புதியவர்கள் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குளோன் வேலை செய்வது எளிய கணக்கு. நல்ல பாறை இருக்கும் இடத்தில் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஒரு கிளிக். இங்கிருந்து எடு என்று அர்த்தம். பிறகு ஆள் இருக்கும் இடத்தில் பூசினால், அங்கிருந்த புள்ளிகள் இங்கே வந்து உட்காரும். 'அலைன்மென்ட்' என்ற இடத்தில் 'அலைன்டு' வைத்துக்கொண்டால், எடுக்கிற இடத்துக்கும் பூசுகிற இடத்துக்கும் உள்ள தூரம் மாறாமல் இரண்டும் சேர்ந்தே நகரும். பாறை, புல், மண் போன்றவற்றுக்கு இது நல்லது.

எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கைத்திறன். ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடத்தில் புகைகிற கல் என்று சொல்வது. 'ஹொகெ' என்றால் புகை, 'கல்' நமக்கும் கல்தான். சாரல் பறக்கிற அந்தப் பாறைகளில் ஒரு பக்கம் நனைந்து கறுத்திருக்கும், வெயில் படுகிற பக்கம் சாம்பல் நிறத்தில் வெளுத்திருக்கும். அம்மாவின் படத்தில் வெயில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. அதனால் இடப்பக்கம் வெளுத்த பாறையையே தேடி எடுத்தேன். வலப்பக்கம் வெளுத்த பாறையைக் கொண்டுவந்து வைத்தால், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் என்னமோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும். தூரமும் பொருந்த வேண்டும். காலடியில் இருக்கும் கல்லின் சொரசொரப்பு பெரிதாகவும் கூர்மையாகவும் தெரியும், நூறடி தள்ளி இருப்பது மங்கி வழவழப்பாகத் தெரியும். துண்டுக்காரர் நின்ற தூரத்தில் இருக்கும் பாறையைத்தான் அவர் இடத்தில் வைக்க முடியும்.

ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கவும் கூடாது. ஒரே மாதிரி வெடிப்புள்ள இரண்டு பாறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். இரட்டையரைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது போலத்தான். இரண்டு தடவை பூசியதும் எடுக்கிற இடத்தை மாற்றிவிடுங்கள்.

குளோனுக்குப் பக்கத்திலேயே ஹீல் என்று ஒரு கருவி இருக்கிறது, ஹெச் எழுத்து அதற்கு. எடுத்த இடத்தின் சொரசொரப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் பூசுகிற இடத்துக்குத் தகுந்தபடி சரிசெய்துகொள்ளும். வானம், மணல், முகத்துப் பரு இவற்றில் இது மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் இரண்டு நிறங்கள் சந்திக்கிற ஓரத்துக்குக் கொண்டுபோனால், பக்கத்து நிறத்தையும் சேர்த்து இழுத்துக் கறை மாதிரி பூசிவிடும். துண்டின் முனை அம்மாவின் கொண்டையைத் தொட்ட இடத்தில் ஹீல் கருவியை வைத்திருந்தால் நரைமுடிக்குள் சிவப்பு கசிந்திருக்கும். ஓரங்களில் குளோன், பரந்த இடத்தில் ஹீல். நான் எப்போதும் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

அந்தக் கொண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மொத்த வேலையில் பாதி நேரம் அங்கேதான் போனது. படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். கொண்டையின் ஓரத்தில் பிரிந்து நின்ற ஏழெட்டு முடிகள் துண்டின் மேல் படிந்திருந்தன. துண்டை மொட்டையாக அழித்தால் அந்த முடிகளும் போய், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய தலை மாதிரி ஆகிவிடும். முதலில் லாஸோ கருவியால் கொண்டையின் விளிம்பைச் சுற்றி வளைத்துத் தேர்வு செய்தேன். தேர்வு செய்த பகுதிக்குள் மட்டுமே பூச்சு விழும், வெளியே போகாது. அதனால் 'இன்வர்ட்' கொடுத்துத் தேர்வை வெளிப்பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். அப்படிக் கொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு, வெளிப்பக்கம் முழுக்கப் பாறையை நிரப்பினேன். அப்புறம் கொண்டையின் இன்னொரு பக்கத்தில், பாறையின் மேல் இயல்பாகப் பறந்துகொண்டிருந்த நாலு முடியைச் சின்னத் தூரிகையால் குளோன் எடுத்து இந்தப் பக்கம் நட்டேன். அவ்வளவுதான், கொண்டை மறுபடி அம்மாவுடையதாக ஆகிவிட்டது.

பாறையும் தண்ணீரும் இலையும் ஒழுங்கில்லாதவை, அதனால் எளிது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் எடுத்த படத்தில் ஓர் ஆளை நீக்குவது பத்து நிமிட வேலை. கே.ஆர்.பி. அணையின் மேல் எடுத்த படம் என்றால் யோசிக்க வேண்டும். கைப்பிடிக் கம்பி நேராக ஓடும், ஓர் இழை விலகினாலும் உடைந்த மாதிரி தெரியும். போகப்போகக் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரமும் குறைந்துகொண்டே போகும். அதற்கென்றே கிம்ப்பில் 'பெர்ஸ்பெக்டிவ் குளோன்' இருக்கிறது. தரை எந்தச் சாய்வில் ஓடுகிறது என்று முதலில் நான்கு மூலைகளை இழுத்துக் காட்டிவிட்டால், தூரத்துக்குத் தகுந்தபடி சுருக்கிப் பூசும். மண்டபத்துத் தரை டைல்ஸ், ரயில்வே பிளாட்பாரம் இதற்கெல்லாம் இதுதான் கைகொடுக்கும்.

கையால் பூசப் பொறுமை இல்லாதவர்களுக்கு 'ரீசிந்தசைசர்' என்ற இலவசச் செருகுநிரல், அதாவது கிம்ப்போடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற பிளகின், உண்டு. பால் ஹாரிசன் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தது. ஆளைச் சுற்றி லாஸோ போட்டு 'ஹீல் செலக்‌ஷன்' கொடுத்தால், சுற்றுவட்டாரத்தில் பொருத்தமான துணுக்குகளைத் தேடித் தேடி ஓட்டையை அடைத்துவிடும். எவ்வளவு தூரம் தேட வேண்டும் என்று கேட்கும், வழக்கமாக 50 புள்ளி என்று இருக்கும். பக்கத்தில் வேறு ஆட்கள் நின்றால் தூரத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருவரை நீக்கிய இடத்தில் இன்னொருவரின் கை முளைக்கும். பக்கவாட்டில் மட்டும் எடு, மேலும் கீழும் மட்டும் எடு என்றும் சொல்லலாம். ஏரிக்கரை மாதிரி கிடைமட்டமாக ஓடும் பின்னணிக்குப் பக்கவாட்டு போதும். உங்கள் கிம்ப் பதிப்புக்கு ஏற்ற செருகுநிரலா என்று பார்த்துப் போடுங்கள், 2.10-க்கு எழுதியது 3-இல் ஓடாது.

இதுவரை சொன்னதெல்லாம் கடன் வாங்கி ஒப்பேற்றுவது. உண்மையான பின்னணியே வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் படம் எடுக்கும்போதே செய்ய வேண்டும்.

1838-இல் பாரிஸில், புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகுவேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படம் எடுத்தார். போக்குவரத்து மிகுந்த பெரிய தெரு. ஆனால் படத்தில் தெரு காலியாகக் கிடக்கிறது. அன்றைய தகட்டில் வெளிச்சம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. நடந்து போனவர்களும் வண்டிகளும் எந்த இடத்திலும் நின்று பதியவில்லை. ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டு அசையாமல் நின்ற ஒரு மனிதர் மட்டும் மூலையில் பதிந்துவிட்டார். நிற்பது தங்கும், நகர்வது மறையும். இதையே இன்று கணக்காகச் செய்கிறோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பழங்காலக் கற்திட்டைகளைப் படம் எடுக்கப் போகிறீர்கள், பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று வையுங்கள். போனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒன்றாக ஏழு படம் எடுங்கள். ஏழு படத்திலும் ஒரே ஒரு புள்ளியைப் பார்ப்போம். அங்கே கல் இருக்கிறது, அதன் வெளிச்ச அளவு 112 என்று கொள்வோம். ஏழு படத்தில் அந்தப் புள்ளி 112, 114, 113, 38, 115, 112, 41 என்று வருகிறது. 38-உம் 41-உம் யாரோ ஒரு பையனின் நீலக் கால்சட்டை குறுக்கே போன தருணங்கள். சராசரி எடுத்தால் 92 வரும், கல்லின் மேல் ஆவி மாதிரி மங்கலான நிழல் தெரியும். அதற்குப் பதில் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பதை எடுங்கள். 38, 41, 112, 112, 113, 114, 115. நடு எண் 112. கால்சட்டை இருந்த சுவடே இல்லை. பள்ளிக்கூடத்தில் இடைநிலை என்று படித்தோமே, அதேதான். ஒவ்வொரு புள்ளியிலும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் கல் தெரிந்தால் போதும், ஆட்கள் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். எல்லாப் படங்களையும் லேயர்களாகத் திறந்துகொண்டால், 'ஜிமிக்' என்ற இலவசச் செருகுநிரல் இந்த இடைநிலையை எடுத்துத் தரும்.

இரண்டே படம் இருந்தாலும் போதும். முதல் படத்தில் ஆள் இடப்பக்கம், இரண்டாவதில் வலப்பக்கம் போய்விட்டார் என்றால், ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் (கறுப்பு பூசிய இடத்தை மறைத்துவிடும் திரை) போட்டு, ஆள் இருக்கும் இடத்தில் கறுப்பு பூசினால் அடிப்படத்தின் நிஜமான பாறை தெரியும். அதனால் குடும்பத்தோடு எங்கே போனாலும் ஒரு படத்தோடு நிறுத்தாமல், நின்ற இடத்திலேயே நாலைந்து தட்டிவிடச் சொல்லுவேன்.

போனிலேயே விரலால் தேய்த்து நீக்குகிற வசதியும் இன்று இருக்கிறது. ஸ்னாப்சீட் செயலியில் இருக்கும் 'ஹீலிங்' சின்னச் சின்னப் பொருட்களுக்கு நல்லது. கூகுள் போட்டோஸின் 'மேஜிக் இரேசர்' 2021-இல் பிக்சல் 6 போனோடு வந்தது, 2024-இல் மற்ற போன்களுக்கும் கட்டணமில்லாமல் திறந்துவிட்டார்கள். தூரத்தில் நிற்கிற ஆள் என்றால் பத்து நொடியில் முடிந்துவிடும். ஆனால் பெரிய ஓட்டையைக் கொடுத்தால், இல்லாத பாறையையும் இல்லாத அருவியையும் அது கற்பனை செய்து வைக்கும். ஒகேனக்கல் பாறையை நேரில் தெரிந்தவருக்கு அது வேறு எங்கோ உள்ள மலை மாதிரி தெரியும். படத்தை ஏற்றிக் கொடுத்தால் ஆளை நீக்கித் தருகிற இணையத்தளங்களுக்கு வீட்டுக் குழந்தைகளின் படத்தை நான் அனுப்புவதில்லை. யாருடைய கணினியில் போய் எத்தனை நாள் இருக்கும் என்பது நம் கையில் இல்லை.

வேண்டாத ஆள் யார் என்பதையும் பேசிவிட வேண்டும். சோவியத் ரஷ்யாவில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் ஒரு கால்வாய்க் கரையில் நின்ற யெழோவ் என்ற அதிகாரி 1940-இல் கொல்லப்பட்டார். அப்புறம் அந்தப் படத்தில் அவர் நின்ற இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டார்கள், கணினி இல்லாத காலத்திலேயே. எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டு வருவதில்லை. ஆனால் குடும்பப் படத்தைக் கொண்டுவந்து மருமகளை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு, சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளை எடுக்கச் சொன்னவர்களும் உண்டு. நான் தயங்குவேன். செய்யத்தான் வேண்டும் என்று நின்றால், மூலப்படம் அழியாமல் இருக்கட்டும் என்று ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு பெரியவர் அந்தப் பிரதியைத் தேடிக்கொண்டு இரண்டு வருஷம் கழித்து வந்தார். பேத்தி பிறந்திருந்தது.

அம்மா அப்பா படத்துக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் இரண்டு விதமாகச் சேமித்தேன். கிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற கோப்பு வரும், லேயர்கள் கலையாமல் அதில் இருக்கும். பிரிண்டுக்கு 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஜேபெக் எடுக்க வேண்டும். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது எங்கள் கணக்கு. 8க்கு 12 அங்குலம் என்றால் 2400க்கு 3600 புள்ளி வேண்டும். 12 மெகாபிக்சலில் அது தாராளமாக இருக்கிறது. பிரிண்ட் எடுத்து அக்கா மகள் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"மாமா, இங்க பாருங்க."

அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் பாறைக் குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதில் சின்னதாக, தலைகீழாக, ஒரு சிவப்பு. துண்டை எடுத்துவிட்டேன், அது தண்ணீரில் விழுந்த சாயலைப் பார்க்கவே இல்லை. திரையில் அந்த மூலைக்கு நான் போகவே இல்லை. எக்ஸ்சிஎஃப் கோப்பைத் திறந்து, இன்னொரு வெற்று லேயர் சேர்த்து, மவுஸை அவள் கையில் கொடுத்தேன். பக்கத்தில் தேங்கிய தண்ணீரிலிருந்து வானத்தின் வெளிறிய நிறத்தை எடுத்து, மெதுவாக நாலு தேய்ப்பு தேய்த்தாள். இரண்டாவது பிரிண்டில் குழியில் வானம் மட்டும் இருந்தது.

"அம்மாயிகிட்ட நான்தான் எடுத்தேன்னு சொல்லணும்" என்றாள்.

பிரேம் இப்போது கூடத்தில், டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது.